புதன்கிழமையும் சைவம்

வன்னியில் இருந்துகொண்டு சைவமாகச் சாப்பிடுகிறவனுக்குக் கிடைக்கிற சுகம் வேறு எவனுக்கும் கிடைக்காது. இதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லவேண்டும். ஏனென்றால் மச்சம் விட்டவனைக் கண்டால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது, "என்ன வருத்தம்?" என்றுதான். சீனியோ, கொலஸ்ட்ரோலோ, இல்லாவிட்டால் சாத்திரி ஏதும் சொல்லிப்போட்டாரோ என்று இரக்கத்தோடு பார்ப்பார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் ருசிக்காக விட்டவன். ருசிக்காகவே இன்றுவரை அதில் நிற்கிறவன்.

நான் இருப்பது முள்ளியவளைப் பக்கம். மச்சம் கிடைக்காத ஊர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. ஒரு பக்கம் முல்லைத்தீவுக் கடல். பக்கத்தில் நந்திக்கடல், இறாலுக்குப் பேர்போனது. மற்றப் பக்கம் தண்ணிமுறிப்பும் முத்தையன்கட்டும், விரால் துள்ளுகிற குளங்கள். அதற்கு அங்காலே காடு. மான் வத்தலைத் தேனுக்குள் போட்டு வைத்து மாரி முழுக்கத் தின்ற கதையைச் சொல்லுகிற கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லும்போது அவர்கள் கண்ணில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும்! இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் மீனை வேண்டாம் என்கிறான் என்றால் அவனுக்கு அதைவிட நல்லது ஒன்று கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு அது கிடைத்தது ஒரு பொங்கலுக்குப் பிறகு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வரும். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே பாக்குத்தெண்டல் என்ற சடங்கு நடக்கும். பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைப்பார்கள். எண்ணெய் இல்லை, அந்த உப்புத் தண்ணீரிலேதான் விளக்கு எரியும் என்பது ஊரின் நம்பிக்கை. பாக்குத்தெண்டினால் எங்கள் வீட்டு மச்சச் சட்டி பரணுக்குப் போய்விடும். இந்தப் பக்கத்து வீடுகளில் சைவத்துக்கு ஒரு சட்டி, மச்சத்துக்கு ஒரு சட்டி. ஒன்றில் மற்றதைச் சமைத்தால் பெரிய குற்றம். பொங்கல் முடிந்து விடியும்போது செவ்வாய். செவ்வாய் எப்படியும் சைவம். ஆகவே சட்டி இறங்கவேண்டிய நாள் புதன்.

அந்தப் புதன் காலை மீன்கார அண்ணை படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடித்தார். "சேர், இண்டைக்குப் புதன்தானே! பாரைக்குட்டி கிடக்கு, இப்பதான் கரைக்கு வந்தது." நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன், அதனால் இன்றைக்கும் எல்லோருக்கும் சேர்தான். குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். மனிசி முதல்நாள் தோட்டத்தில் பறித்த கத்தரிக்காயை வெட்டித் தண்ணீரில் போட்டிருந்தா. முருங்கையிலை ஆய்ந்தபடி கிடந்தது. எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: மீனை வாங்கினால் இந்தக் கத்தரிக்காய்ப் பால்கறி இன்றைக்கு இல்லாமல் போய்விடுமே! "நாளைக்குப் பாப்பம் அண்ணை" என்று அனுப்பிவிட்டேன். வியாழனும் அப்படித்தான். அடுத்தது வெள்ளி. இவ்வளவுதான் நடந்தது. சத்தியமும் செய்யவில்லை, நேர்த்தியும் வைக்கவில்லை.

பிறகுதான் ஒருநாள் பஞ்சாங்கக் கலண்டரை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்தாலே வருசத்துக்கு 104 நாள். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள். நல்லூர் எங்கேயோ இருக்கிறது, ஆனால் வன்னியிலும் எத்தனை வீடுகளில் அந்த நாட்களில் மீன் வாங்குவதில்லை! கந்தசட்டி 6. கேதார கௌரி விரதம் பிடிக்கிற வீட்டில் 21. பிள்ளையார் பெருங்கதை இன்னொரு 21. திருவெம்பாவை 10. நவராத்திரி, ஆடி அமாவாசை, சித்திரைப் பூரணை, ஆவணி ஞாயிறு, புரட்டாதிச் சனி, அப்பா அம்மாவின் திவசம். போயா நாளில் நாடு முழுக்க இறைச்சிக்கடை பூட்டு. ஒன்றோடொன்று மேவுகிறவற்றைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு விரதகார வீடு வருசத்தில் பாதியளவு சைவம்தான். நான் செய்ததெல்லாம் கிடுகுவேலியில் பொட்டு அடைக்கிற வேலை மட்டுந்தான். வேலி ஏற்கெனவே இருந்தது, கட்டினவர்கள் எங்கள் அம்மம்மாமார்.

புத்தி சொல்லி ஒருவரையும் சைவமாக்க முடியும் என்று நான் நம்பவில்லை. திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆவது அதிகாரம். அதை வருசா வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். ஆறுமுகநாவலர் பாலபாடத்தில் புலால் உண்ணலைப் பற்றித் தனிப்பாடமே எழுதிவைத்தார்; சின்ன வயதில் அதை மனப்பாடம் பண்ணி ஒப்புவித்து, வீட்டுக்குப் போய் மீன்குழம்போடு சோறு தின்றேன். நாவலரின் தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. வயிறு தர்க்கம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

காந்தியின் கதையிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1888இல் படிக்க லண்டன் போனபோது தாயாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்துக்காக மச்சம் தொடாமல் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்தார். ஒருநாள் பரிங்டன் வீதியில் நடக்கும்போது ஒரு மரக்கறி உணவகம் கண்ணில் பட்டது. அங்கே விற்பனைக்கு இருந்த ஹென்றி சோல்ட்டின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், இங்கிலாந்துக்கு வந்த பிறகு முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்டார். பிறகு அந்தப் புத்தகத்தை வாசித்தார். அதற்குப் பிறகுதான் சத்தியத்துக்காக இல்லாமல் தன் விருப்பத்துக்காகவே மரக்கறிக்காரன் ஆனேன் என்று அவரே எழுதியிருக்கிறார். பார்த்தீர்களா, முதலில் வயிறு நிறைந்தது, பிறகுதான் வாசிப்பு! 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தாரே, அவருக்கு முசுட்டையிலை வறை யாராவது குடுத்திருப்பார்களோ என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

முசுட்டையை நான் சும்மா இழுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்து ஒரு கிழமைக்குள் வன்னி என்ன செய்கிறது தெரியுமா? வேலி முழுக்க முசுட்டைக் கொடி ஏறிவிடும். வயல் வரம்பில் வல்லாரை, வாய்க்கால் கரையில் பொன்னாங்காணி, பற்றைக்குள் தூதுவளை, குறிஞ்சா, முடக்கொத்தான். மழைக்கு முளைக்கிற காளான் ஒரு சில நாளுக்குத்தான், விடியவே போனவனுக்குத்தான். காசு குடுத்து வாங்க ஒன்றும் இல்லை, குனிந்து பிடுங்கவேண்டியதுதான். முசுட்டையை மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுச் சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டி, தேங்காய்ப்பூ தூவி, இறக்கினபிறகு தேசிக்காய் பிழிந்து, சுடச்சுடச் சிவப்பரிசிச் சோற்றோடு... அந்தமாதிரி! குறிஞ்சா கைக்கும். கைக்கட்டும். அந்தக் கைப்புக்குப் பிறகு ஒரு வாய் எருமைத் தயிர் வைத்துப் பாருங்கள், தயிர் எவ்வளவு இனிப்பு என்று அப்போதுதான் தெரியும்.

தயிர் என்றதும் நினைவு வருகிறது. மண்சட்டியில் உறைய வைத்த வன்னித் தயிரைச் சாப்பிடாதவர்களோடு நான் சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பதில்லை. காட்டோரம் மேய்கிற பட்டிமாட்டுப் பாலில் இருக்கிற மணம் பைக்கற் பாலில் வராது. சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையக்கூடாது, கரண்டி வைத்து வெட்டி எடுக்கவேண்டும். அதற்கு மேலே காட்டுத்தேன் ஒரு கரண்டி. வேறு என்ன வேண்டும்?

சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல் இன்னொன்று. காஸ் அடுப்பில் சுட்டால் பாதி ருசிதான். விறகடுப்புத் தணலுக்குள் புதைத்து, தோல் கருகி வெடிக்கும் வரைக்கும் விட்டு, உரித்து மசித்து, வெங்காயம், மிளகாய், கட்டித் தேங்காய்ப்பால், தேசிக்காய்ப்புளி. 2022 நெருக்கடியில் காஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. படகுகள் கரையில் கிடந்தன, மீன் விலையைக் கேட்டு ஊரே மலைத்தது. எங்கள் வீட்டில் அந்த வருசம் விறகடுப்புத்தான், கத்தரிக்காய்ச் சம்பல்தான். கஷ்ட காலம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பல்!

இனிக் கூழ். "கூழ் குடிக்காமல் எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்காத ஆளில்லை. நண்டும் இறாலும் மீன்தலையும் போடாத கூழ் கூழே இல்லை என்பது இந்தக் கரையின் வேதம். வேதத்தைத் திருத்தினவன் நான் இல்லை. விரதகாரருக்கென்று சைவக்கூழ் எப்போதோ இருந்தது, நாங்கள்தான் அதை ஏழைப் பிள்ளையாக நடத்தினோம். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை வடித்து, திரும்பவும் ஊறவிட்டுக் கைப்பை எடுக்கவேண்டும். பெரிய பானையில் ஒரு சிறங்கை அரிசி, மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் அவிந்து வரும்போது முருங்கையிலை. செத்தல்மிளகாயை அம்மியில் அரைத்துப் பழப்புளியோடு கரைத்து விட்டு, கடைசியாக ஒடியல் மாக் கரைசல். இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. என் கைவேலை ஒன்று உண்டு: வறுத்த கச்சானை ஒன்றிரண்டாக இடித்து இறக்குகிற நேரம் போடுவேன். விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்துச் செம்மண் கச்சான் என்றால் இன்னும் விசேஷம். பனையோலைப் பிளாவில் வார்த்து, மாமர நிழலில் இருந்து உறிஞ்சிக் குடித்தால் மூக்கும் கண்ணும் ஒருமிக்க ஓடும். மீன்கார அண்ணை இப்போது வியாபாரம் முடிந்து திரும்பும்போது சில நாள் பெட்டியை வெளியே விட்டுவிட்டு வந்து இரண்டு பிளா குடித்துவிட்டுப் போகிறார். "நண்டு இல்லாதது ஒரு குறைதான் சேர்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதையும் நீட்டுவார்.

பாலைப்பழத்தைச் சொல்லாமல் விட்டால் காடு கோபிக்கும். வைகாசி தொடங்கி ஆடிவரை மாங்குளம், புளியங்குளம், நெடுங்கேணி வீதியோரங்களில் குவித்து விற்பார்கள். மஞ்சளாய், சின்னதாய், தேன் குடித்த மாதிரி இனிப்பு. நாலு சிறங்கை தின்றால் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டும். ஒட்டட்டும், கொஞ்சநேரம் கதைக்காமல் இருக்கலாம். வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

எல்லாம் இனிப்பில்லை. எங்கள் பக்கத்தில் சைவத்துக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு, அது வேறு ஊர்க்காரருக்கு விளங்காது. 2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்த சனத்துக்கு நாளும் பொழுதும் பருப்பும் சோயாமீற்றும்தான். என் மனிசி இன்றைக்கும் சோயாமீற் பைக்கற்றை வீட்டுக்குள் எடுக்க விடமாட்டா. பருப்புக் கொதிக்கிற மணம் வந்தால் எழும்பிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய்ப் பருப்பில் புரதம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு முந்திய, போரின் கடைசி மாதங்களில் உப்புப் போட்ட வெறுங்கஞ்சியில் உயிர் பிடித்துக் கிடந்தோம். மே 18 வருகிற கிழமையில் சந்திகளில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் குடுக்கிறார்கள். வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறேன். அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஆகவே எங்கள் வீட்டில் பருப்புக்குப் பதில் உழுந்தும் பயறும். உழுந்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு புரதம், பயறும் ஏறக்குறைய அவ்வளவுதான். வவுனியாப் பக்கம் உழுந்து விளைகிற விளைச்சலுக்கு அதை எதற்கு வெளியில் தேடுவான்? நல்லெண்ணெய் விட்டுக் கிண்டின உழுத்தங்களி, எள்ளுருண்டை, குரக்கன் பிட்டு. பி12 மட்டும் மரக்கறியில் கிடையாது. பாலும் தயிரும் எடுக்கிறபடியால் எனக்குச் சமாளிக்கிறது. பாலும் தொடாதவர்கள் வைத்தியரைக் கேட்டுக் குளிசை எடுக்கத்தான் வேண்டும். இந்த விசயத்தில் வீரம் காட்டக்கூடாது.

வெளியே போனால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். முன்னர் கேட்டிருந்தால் திணறியிருப்பேன். இப்போது அம்மாச்சி இருக்கிறது! 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையில் பொ. ஐங்கரநேசன் விவசாய அமைச்சராக இருந்த காலத்தில் வந்த உணவகங்கள். அந்தச் சபை செய்ததைப் பற்றியும் செய்யாததைப் பற்றியும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அம்மாச்சியைப் பற்றி மட்டும் ஒரே கதைதான். சமைப்பது முழுக்கப் பெண்கள். கட்டடம் அரசாங்கத்துடையது, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு அடுப்பு, அதில் வருகிற வருமானம் அவவுக்கே. மச்சம் அந்தப் படி ஏறாது. கிளிநொச்சியில் ஏ9 வீதியால் போகும்போது நான் இறங்காமல் போனதில்லை. ஒருவர் தோசை வார்க்க, அடுத்தவர் வடை போட, அங்காலே இலைக்கஞ்சி, இன்னும் அங்காலே பழச்சாறு. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி அடுப்படியாகப் போய் வாங்கலாம். போரில் எல்லாவற்றையும் இழந்த மண்ணில் ஒரு பெண் தன் கையால் சுட்ட தோசைக்குத் தன் கையால் காசு வாங்கிப் பெட்டிக்குள் போடுகிறா. எனக்கு அந்தத் தோசை ஒன்றுக்கு இரண்டாக இறங்கும்.

கொழும்புப் பக்கம் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே மரக்கறி என்று சொல்லித் தருகிற கறியிலும் சம்பலிலும் மாசிக் கருவாடு போட்டிருப்பார்கள். தேங்காய்ச் சம்பலைப் பார்த்தால் அப்பாவியாகத்தான் இருக்கும்! "மாசி போட்டதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்கவேண்டும். கொத்துரொட்டிக் கடையில் மரக்கறிக் கொத்துக் கேட்டாலும் கோழி கொத்தின அதே தகடுதான். நான் ரொட்டியும் வாழைப்பழமுமாக இரவைக் கழித்துவிடுவேன்.

கலியாண வீடுகள் சுகம், கோயிலில் தாலி கட்டினால் சைவச் சாப்பாடு. வடை பாயசத்தோடு ராசா மாதிரி இருக்கலாம். சிக்கல் கலியாணத்துக்குப் பிறகு வருகிற நாலாம் சடங்கில். ஆட்டிறைச்சி மணத்துக்கு நடுவில் எனக்கென்று ஒரு மூலையில் கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் வைத்திருப்பார்கள். வீட்டுக்கார அக்கா பத்துத்தரம் வந்து, "உங்களுக்குத்தான் ஒண்டும் இல்லை" என்று மன்னிப்புக் கேட்பா. அவ போனபிறகு பக்கத்தில் இருக்கிற பெடியள் என் கத்தரிக்காயை எட்டி எட்டி எடுப்பார்கள். கடைசியில் எனக்குத்தான் ஒண்டும் இல்லை.

என்னுடைய முடிவை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர் மனிசியின் தமையன், என் மச்சான். ஒரு நாலாம் சடங்குப் பந்தியில், கையில் ஆட்டு எலும்போடு, பெரிய யோசனையில் இருந்துவிட்டுக் கேட்டார்: "மச்சான், நீ போய்ச்சேர்ந்தா எட்டுச்செலவுக்கு நாங்கள் என்னத்தைப் படைக்கிறது?" எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமான மச்சமெல்லாம் சமைத்துப் படைக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. நியாயமான கவலைதான். நான் பட்டியல் சொன்னேன்: சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல், முசுட்டையிலை வறை, கச்சான் போட்ட கூழ் ஒரு பிளா, எருமைத் தயிர் ஒரு சட்டி, வைகாசியில் போனேன் என்றால் பாலைப்பழம். வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றேன்.

மச்சான் எலும்பைக் கீழே வைத்தார். "அப்ப கள்ளு?"

"கள்ளு மச்சம் இல்லையே" என்றேன்.